சொன்ன அளவில் படம் அச்சாக: எந்த வழி நம்பகமானது?

வீட்டில் ஒரு படத்தை அச்சிடுவது எளிது. சொன்ன அளவில் அச்சிடுவதுதான் பெரும்பாடு. தையல் பேட்டர்ன், புட்டியில் ஒட்டும் லேபிள், சுவரில் துளை போடும் இடத்தைக் காட்டும் மாதிரித்தாள் என எதுவாக இருந்தாலும், 3 மி.மீ. குறைந்தாலே தாள் குப்பைக்குப் போகிறது. பழி பிரிண்டர் மேல் விழுகிறது. பெரும்பாலும் அது குற்றமற்றது. படத்துக்கும் தாளுக்கும் நடுவில் இருக்கும் மென்பொருள்தான், கேட்காமலே படத்தைப் பக்கத்துக்குள் அடக்கிக் கொடுத்துவிடுகிறது. அதனால் வழிகளை ஒப்பிடும்போது நான் பார்ப்பது இரண்டே: மில்லிமீட்டர் கணக்கை நானே சொல்ல இடம் இருக்கிறதா? சொன்ன பிறகு அதில் வேறு எதுவும் கைவைக்காமல் இருக்குமா?

டிஜிட்டல் படத்துக்கு இயல்பாக நீள அகலம் கிடையாது. பிக்சல்கள், அதாவது நிறப் புள்ளிகள், மட்டுமே உண்டு. 1181 பிக்சல் அகலமுள்ள படத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 10 செ.மீ.; 96 என்று வைத்தால் 31 செ.மீ.க்கும் மேல். அந்த 300 என்பது கோப்புக்குள் எழுதி வைத்த ஒரு குறிப்பு மட்டுமே. அதைச் சில மென்பொருள்கள் மதிக்கும், சில கண்டுகொள்ளாது. அரட்டைச் செயலி வழியாக வந்த படத்தில் அந்தக் குறிப்பே உதிர்ந்துபோயிருக்கலாம், பிக்சல்களும் குறைந்திருக்கலாம்.

முதலில் எல்லோரும் போகும் வழி, படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘பிரிண்ட்’ கொடுப்பது. விண்டோஸில் பழகிய அச்சுப் பெட்டி சில நிலையான அளவுகளைப் பட்டியலிடுகிறது. பட்டியலில் இல்லாத அளவைத் தட்டச்சிட இடமில்லை. கீழே ‘ஃபிட் பிக்சர் டு ஃபிரேம்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தால், சட்டத்தை நிரப்புவதற்காகப் படத்தின் ஓரங்களையும் வெட்டிவிடும். ஆல்பத்துக்கு இது போதும். அளவு முக்கியம் என்றால் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிரவுசர் இதைவிட மோசம். அதன் கணக்கில் ஒரு பிக்சல் என்பது அங்குலத்தில் 96-ல் ஒரு பங்கு. மேலே சொன்ன 1181 பிக்சல் படம் ஏ4 தாளின் 210 மி.மீ. அகலத்தைத் தாண்டிவிடுவதால், சுருங்கியோ துண்டுபட்டோதான் வெளிவரும்.

விண்டோஸில் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு அதன் அச்சுப் பெட்டியிலேயே அகலம், உயரம் கொடுக்க வசதி இருக்கிறது. ஒற்றைப் படத்துக்கு அதைவிட விரைவான வழி எனக்குத் தெரியவில்லை. படங்களைத் திருத்தும் மென்பொருளான ஜிம்பும் அச்சுப் பெட்டியில் அளவு கேட்கிறது. ஆனால் அதன் ‘இமேஜ்’ மெனுவில் புதியவர்கள் தடுமாறும் இரண்டு கட்டளைகள் உண்டு. ‘பிரிண்ட் சைஸ்’ என்பது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற குறிப்பை மட்டும் மாற்றும், படம் அப்படியே இருக்கும். ‘ஸ்கேல் இமேஜ்’ பிக்சல்களையே மறுபடி கணக்கிட்டுப் போடும். சிறிய படத்தை அதில் பெரிதாக்கினால் மங்கல்தான் மிஞ்சும். அளவு மாற்ற வேண்டியவர்களுக்கு முதலாவது போதும். வெட்டுதல், நிறத்திருத்தம் போன்ற வேலைகளும் இருந்தால் ஜிம்ப் பொருத்தம். அச்சுக்காக மட்டும் அதைத் திறப்பது வீண் சுமை.

என் ஓட்டு, கடிதம் கட்டுரை தட்டச்சிடும் மென்பொருளான லிப்ரேஆபீஸ் ரைட்டருக்கு. வேர்டு இருந்தால் அதுவும் சரி. படத்தைப் பக்கத்தில் வைத்து, வலது கிளிக் செய்து, பண்புகளுக்குள் போனால் அகலம், உயரம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அதில் 35 மி.மீ., 45 மி.மீ. என்று தட்டச்சிட்டால் பாஸ்போர்ட் அளவு முடிந்தது. பிக்சலையோ 300-ஐயோ நினைக்க வேண்டியதே இல்லை. ஒரே தாளில் எட்டுப் படங்களை எட்டு அளவுகளில் அடுக்கலாம். படத்தைச் செருகும்போது பக்க ஓரங்களுக்குள் அடங்குமாறு அது தானாகச் சுருக்கிவிடும். ஆகவே செருகிய பிறகுதான் அளவைக் கொடுக்க வேண்டும். சேமிக்கும்போது வேர்டு படத்தின் தரத்தைக் குறைக்கக்கூடும். தாளில் விழும் அளவு மாறாது.

கோட்டுப் படங்கள், பேட்டர்ன்கள் என்றால் மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்கு முதலிடம். அதில் தொடக்கத்திலிருந்தே மில்லிமீட்டரில் வரையலாம். பழைய கோப்புகளில் மட்டும் எச்சரிக்கை தேவை: 2017-ல் வந்த 0.92 பதிப்பு, அங்குலத்துக்கு 90 பிக்சல் என்றிருந்த கணக்கை 96 ஆக்கியது. அதற்கு முன் வரைந்த கோப்பைச் சரிசெய்யாமல் திறந்தால் 100 மி.மீ. கோடு 93.75 மி.மீ. ஆகிவிடும்.

எதில் தயாரித்தாலும் பிடிஎஃப் ஆக்கிவிட்டு அச்சிடுவதே நல்லது, ஏனெனில் பிடிஎஃப் பக்கத்துக்கு நிஜமான நீள அகலம் உண்டு. இன்னொரு கணினியில் திறந்தாலும் அது மாறாது. ஆனால் கடைசிக் கதவு இங்கேதான் இருக்கிறது. அக்ரோபேட் ரீடரில் ‘ஃபிட்’, ‘ஷ்ரிங்க் ஓவர்சைஸ்டு பேஜஸ்’ இரண்டையும் விட்டுவிட்டு ‘ஆக்சுவல் சைஸ்’ தேர்ந்தெடுக்க வேண்டும். வலையிலிருந்து இறக்கிய பேட்டர்ன்களில் பல, அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் அளவுத் தாளுக்குச் செய்தவை. அதன் அகலம் 215.9 மி.மீ. அதை ஏ4-ல் ‘ஃபிட்’ செய்தால், பிரிண்டரின் ஓர இடைவெளியைச் சேர்க்காமலே 97 சதவீதத்துக்குச் சுருங்கும். ஒரு தாளில் அடங்காத பெரிய படத்துக்கு அதே பெட்டியில் இருக்கும் ‘போஸ்டர்’ பல தாள்களாகப் பிரித்து, வெட்டுக் குறிகளும் போட்டுத் தரும்.

பிரிண்டரின் சொந்த அமைப்புகளிலும் அளவு மாற்றும் ஒரு கட்டம் இருக்கலாம். அது 100 சதவீதத்தில் இருக்கட்டும். ஓரமில்லா அச்சு வேண்டவே வேண்டாம். விளிம்பில் வெள்ளை தெரியாமலிருக்க அது படத்தைச் சற்றுப் பெரிதாக்கியே அச்சிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் சிறு பிசகு உருளைகளும் தாளும் செய்வது. லேசர் பிரிண்டரின் சூட்டில் தாள் கொஞ்சம் சுருங்கும். தாள் நகரும் திசையிலும் குறுக்குத் திசையிலும் பிசகு ஒரே அளவாக இருப்பதில்லை. நல்ல தாளை வீணாக்கும் முன் 200 மி.மீ. கோடு ஒன்றை நீளவாக்கிலும், 150 மி.மீ. கோடு ஒன்றை அகலவாக்கிலும் அச்சிட்டு, இரும்பு அளவுகோலால் அளந்து பாருங்கள். நீளக் கோடு 198.8 மி.மீ. வந்தால் 200-ஐ 198.8 ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 1.006. அந்தத் திசையில் 150 மி.மீ. வேண்டும் என்றால், ரைட்டரில் விகிதத்தைக் காக்கும் டிக்கை எடுத்துவிட்டு, உயரத்தில் 150.9 என்று கொடுத்தால் போதும்.