டிரக்கை மாற்றினால் தவணை குறையும், கடன்?

என்னிடம் இருப்பது போன்ற டபுள் கேப் டீசல் பிக்கப் டிரக்கையே ஓட்டும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாதத் தவணை கழுத்தை நெரிக்கிறது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்தால் தவணை குறையும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா?" இதே கேள்வியோடு நானும் அண்மையில் ஒரு விற்பனையாளர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பணிமனையிலிருந்து பழுதுபார்ப்புக் கட்டணச் சீட்டோடு நேராக அங்கே போயிருந்தேன் என்பதால் மனம் சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூடு இன்னும் முழுதாகத் தணியவில்லை. இயன்றவரை நியாயமாகவே எழுதுகிறேன்.

வண்டியின் இன்ஜின் அளவு, குதிரைத்திறன் எல்லாம் எங்கும் கிடைக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். என் தொழில் மரவேலை. எட்டுக்கு நான்கு அடிப் பிளைவுட் பலகைகள், சட்டங்கள், அறுக்கும் இயந்திரம் ஆகியவைதான் என் சுமை. பின் தொட்டியில் ஒன்றுமில்லாமல் ஓட்டினால் இந்த வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். பின்சக்கரங்களுக்கு மேலுள்ள ஸ்பிரிங் பட்டைகள் சுமைக்காகவே வடிவமைக்கப்பட்டவை, வெறும் வண்டியின் எடை அவற்றை அசைக்கவே அசைக்காது. அரை டன் ஏற்றிப் பாருங்கள், வேறு வண்டி ஆகிவிடும். பட்டைகள் படிந்து உட்கார, வளைவுகளில் பின்பக்கம் அலையாமல் வரும், பிரேக் பிடித்தால் மூக்கு குத்தாமல் நிற்கும். சுமை ஏற ஏற ஓட்டுவதற்கு இனிமையாகும் வண்டியை இதற்கு முன் நான் வைத்திருந்ததில்லை. முழுச் சுமையோடு நீண்ட ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முனகாமல் ஏறும்போது, கட்டிய தவணை ஒவ்வொன்றும் தகும் என்று தோன்றும். பின் தொட்டிக்குள் இருபுறமும் புடைத்திருக்கும் சக்கர மேடுகளுக்கு இடையே நான்கடிப் பலகை படுக்காது என்பது ஒரு குறை. மேடுகளின் உயரத்துக்கு இரண்டு சட்டங்களைக் குறுக்கே போட்டு அதன்மேல் அடுக்கிவிடுவேன். அது பழகிவிட்டது.

பழகாத ஒன்று இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம், நண்பர் கேட்டது அதைத்தான்.

விற்பனையாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு கட்டினால் உங்களுக்கு வசதி?" என்பது. வண்டிக்கு நான் எவ்வளவு எதிர்பார்க்கிறேன், கடன் பாக்கி எவ்வளவு, வட்டி என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நொடியிலேயே பேரம் முடிந்துபோகிறது. ஏனென்றால் மாதத் தொகை என்பது அசல், வட்டி, காலம் ஆகிய மூன்றின் விளைவு. காலத்தை நீட்டினால் எந்தத் தொகையையும் நீங்கள் சொன்ன எண்ணுக்குள் அடக்கிவிடலாம். பழைய வண்டிக்குக் குறைத்துக் கொடுத்ததும் புதிய வண்டிக்குக் கூட்டி வாங்கியதும் அந்த ஒரே எண்ணுக்குள் மறைந்துவிடும். வசதியைக் கேட்கிறார்களே என்று மகிழ வேண்டியதில்லை. எனக்கு அங்கேயே கோபம் வந்தது.

எண்களோடு பார்ப்போம். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கடன் 1,00,000, ஆண்டு வட்டி 10 சதவீதம், காலம் 60 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை ஏறத்தாழ 2,125. முதல் மாதத் தவணையில் 833 வட்டிக்கே போய்விடும். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பிறகும் பாக்கி 65,850 அளவில் நிற்கும். காலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது, அசலில் மூன்றில் ஒரு பங்குதான் கரைந்திருக்கிறது. ஆனால் மூன்று ஆண்டுகள் முடியும்போது பாக்கி 46,050-க்கு இறங்கிவிடும். அடுத்த தவணையில் வட்டி 384 மட்டும், மீதி 1,741 அசலைக் கரைக்கும். அதாவது, கசப்பான பகுதியை விழுங்கி முடித்து, கட்டும் பணம் உண்மையில் கடனைக் குறைக்கத் தொடங்கும் நேரம் இது. சரியாக இந்த நேரத்தில்தான் "மாற்றிவிடுங்கள்" என்று அழைப்பு வருகிறது.

இப்போது ஷோரூம் கணக்கு. உங்கள் டிரக்குக்கு அவர்கள் 40,000 மதிப்புப் போடுகிறார்கள் என்று கொள்வோம். பாக்கி 46,050. இடைவெளி 6,050. அதை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டாம், "புதிய கடனோடு சேர்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். புதிய டிரக் 1,10,000. கடன் 1,16,050. காலம் 84 மாதம், வட்டி அதே 10 சதவீதம். தவணை 1,926! மாதம் ஏறக்குறைய 200 குறைந்துவிட்டது, சொன்ன சொல் தப்பவில்லை. ஆனால் நீங்கள் இனிக் கட்டவேண்டியிருந்தது 24 மாதங்களில் 51,000-க்கும் சற்றுக் குறைவு. இப்போது ஏழு ஆண்டுகளில் 1,61,800-க்கு மேல். இனி இல்லாத ஒரு டிரக்கின் 6,050-க்கும் ஏழு ஆண்டுகள் வட்டி கட்டுவீர்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். புதிய வண்டியின் மதிப்பு மிக வேகமாக விழுவது முதல் ஆண்டில். அந்தச் சரிவைப் பழைய வண்டியில் நீங்கள் ஏற்கெனவே தாங்கியாகிவிட்டது. புதியதை எடுத்தால் மறுபடியும் அதே சரிவின் உச்சியில் நிற்பீர்கள், அதுவும் வண்டியின் விலையைவிட அதிகமான கடனோடு. இந்த நிலையில் விபத்தில் வண்டி முழுதும் சேதமானாலோ திருடுபோனாலோ, சாதாரணக் காப்பீடு தருவது அன்றைய சந்தை மதிப்பைத்தான். கடன் பாக்கி அதைவிட அதிகமாக இருந்தால் மிச்சத்தை வண்டி இல்லாமலே கட்டவேண்டும்.

நியாயத்துக்காக மறுபக்கம்: புதிய வண்டிக்கு உத்தரவாதக் காலம் உண்டு, டயர், கிளட்ச், பேட்டரி என்று உடனே செலவு வராது. இரண்டு ஆண்டுகள் கழித்து என் பழைய டிரக் இன்னும் பழையதாகியிருக்கும் என்பதும் உண்மை. மிகச் சிறிய, விலை குறைந்த வண்டிக்கு இறங்கினால் கணக்கு இவ்வளவு மோசமாக இருக்காது. 60,000 விலையுள்ள வண்டிக்கு அதே 6,050-ஐச் சேர்த்து 60 மாதம் கட்டினால் தவணை 1,403. அப்போதும் மொத்தம் 84,200 ஆகும். வருமானம் உண்மையிலேயே விழுந்துவிட்டவருக்கு அது ஒரு வழிதான். அதே அளவு டிரக்கிலிருந்து அதே அளவு புதிய டிரக்குக்குத் தாவி "தவணை குறைந்தது" என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தவணை மட்டும்தான் பாரம் என்றால் வண்டியைத் தொடவே வேண்டாம். கடனைத் தொடுங்கள். மீதமுள்ள 46,050-ஐ 24 மாதத்துக்குப் பதில் 36 மாதமாக மாற்றித் தர முடியுமா என்று கடன் கொடுத்த இடத்தில் கேளுங்கள். அதே வட்டியில் தவணை 1,486-க்கு இறங்கும். மாதம் 640 மிச்சம், கூடுதலாகப் போகும் வட்டி மொத்தமாகவே 2,500. ஷோரூம் தந்த 200-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டி, காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைத்துத் தரச் சொல்லலாம். சிலர் ஒப்புக்கொள்வார்கள், சிலர் முன்கட்டணத்துக்கு அபராதம் போடுவார்கள். ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியை முதலில் படியுங்கள்.

இதுவரை படித்தவர்கள், நான் வண்டியை வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றே நினைப்பீர்கள். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. இனி, பழகாத அந்த ஒன்று.

டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்க வெளியேற்றக் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். தேனடை போன்ற பீங்கான் துளைகளில் கரி சேரும். சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியின் வெப்பத்தை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்த்தும். இதற்கு நிறுத்தாமல், ஓரளவு வேகத்தில், கால் மணி நேரமாவது ஓட்டவேண்டும். நெடுந்தூரம் போகிறவருக்கு இது நடப்பதே தெரியாது. என் பட்டறையிலிருந்து மரக்கடைக்குப் பத்து நிமிடம், அங்கிருந்து வேலை நடக்கும் வீட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம். இன்ஜின் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது.

இந்த எரிப்பின் அறிகுறிகள் எனக்கு மனப்பாடம். நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் சுழற்சி வழக்கத்தைவிடச் சற்று உயரும். எரிபொருள் முள் கண்ணெதிரே கீழிறங்கும். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் முன்னாலுள்ள விசிறி பேரிரைச்சலோடு சுற்றிக்கொண்டே இருக்கும், அடியிலிருந்து கருகிய நெடி எழும். எரிப்பு பாதியில் அறுபட்டது என்று பொருள். இப்படி அறுபட்டுக்கொண்டே இருந்தால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருக்கும், விரலில் தேய்த்தால் நீர்த்துப்போய் டீசல் வாடை வரும். அதனால் குறித்த நாளுக்கு வெகு முன்பே ஆயில் மாற்றவேண்டியிருக்கிறது. பிறகு, வடிகட்டி அடைபடுகிறது என்று எச்சரிக்கும் ஆரஞ்சு விளக்கு ஓட்டுநர் முன்னால் எரியும். வேலையைப் போட்டுவிட்டு, எங்கும் போகவேண்டிய தேவையே இல்லாமல், அது அணையும்வரை நெடுஞ்சாலையில் ஓட்டவேண்டும். வாடிக்கையாளர் காத்திருக்கிறார், பசை ஆறிக்கொண்டிருக்கிறது, நான் ஒரு விளக்குக்காக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இம்முறை ஓட்டியும் அணையவில்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கும் உணரி கெட்டிருந்தது, அதற்குப் போகும் சிறு ரப்பர் குழாய் வெப்பத்தில் வெடித்திருந்தது. சுண்டுவிரல் பருமன் குழாய், தீப்பெட்டி அளவு உணரி! அதற்காக வண்டி இரண்டு நாள் படுத்தது. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு நச்சைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியா திரவத்தின் தொல்லை தனி. ஊற்றும்போது சிந்தினால் வெள்ளை உப்பாகப் பூத்து மூடியைக் கவ்விக்கொள்ளும். இந்த ஏற்பாடுகள் எல்லாம் தேவையற்றவை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கரியை என் பட்டறைக்கு எதிரில் விளையாடும் குழந்தைகள் சுவாசிக்கக்கூடாது. வடிகட்டியைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக்குகளுடன் எனக்கு உடன்பாடில்லை. பல நாடுகளில் அது சட்டவிரோதமும்கூட. என் கோபம் வேறு. குறுந்தூரம் ஓட்டுகிறவருக்கு இந்த இன்ஜின் ஒத்துவராது என்பதை விற்கும்போது ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

ஆகவே, நண்பரே, நீங்கள் நெடுந்தூரம் சுமை ஏற்றிப் போகிறவர் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், கடனை மட்டும் நீட்டித்து மூச்சு வாங்குங்கள். நான் விற்கப்போகிறேன். கணக்கு வேண்டாம் என்கிறது, சுமை ஏற்றினால் கை வேண்டாம் என்கிறது, ஆனாலும் விற்கப்போகிறேன். அந்த விளக்கை இன்னும் இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஷோரூமில் கொடுக்கமாட்டேன், நேரடியாக வாங்க ஆள் பார்க்கிறேன். தொலைதூரம் ஓட்டுகிற ஒருவரிடம் போனால் இந்த வண்டி நன்றாக உழைக்கும், விலையும் கூடுதலாகக் கிடைக்கும். அதன்பின் கடன் இல்லாமல் வாங்கக்கூடிய பழைய பெட்ரோல் வேன் ஒன்று போதும்.

எந்த முடிவெடுத்தாலும், யாரிடமும் விலை பேசுவதற்கு முன் கடன் கொடுத்த இடத்திலிருந்து கணக்கை முடிக்கும் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாதக் கணக்கு அறிக்கையில் காணும் பாக்கி வேறு, முடிக்கும் தொகை வேறு. அன்றுவரை சேர்ந்த வட்டியும் கட்டணங்களும் அதில் ஏறியிருக்கும். எந்தத் தேதிவரை அந்தத் தொகை செல்லும் என்பதையும் அதிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். என் கடிதம் நேற்றுதான் வந்தது, நான் நினைத்திருந்ததைவிடத் தொகை கொஞ்சம் கூடுதல்.