செஞ்சிக் கோட்டை வாசலில் 'கைடு' என்று வருபவரிடம் உஷார்

போன ஞாயிறு குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டைக்குப் போய் நன்றாக ஏமாந்துவிட்டு வந்தோம். நான், மனைவி, அம்மா, 12 வயதுப் பெண், 9 வயதுப் பையன். காரை நிறுத்திக் கதவைக்கூடச் சாத்தவில்லை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்து நின்றார். "யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததுல இருந்து கைடு இல்லாம மலை ஏற விடமாட்டாங்க சார்." 2025இல் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது உண்மைதானே, அதனால் நம்பித் தொலைத்தேன். அந்த அட்டை கடைசி வரைக்கும் திரும்பியபடியேதான் தொங்கியது, முன்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை.

கைடுக்கு 800, ஐந்து பேருக்கு டிக்கெட் 250 என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு கவுன்டருக்கு அவரே போனார். அப்புறம் கல்யாண மகால், களஞ்சியம் என்று கீழேயே சுற்றிச் சுற்றி நிறுத்தி, திருவண்ணாமலைக்குச் சுரங்கம் போகிறது, கோட்டையைக் கட்டியதே ராஜா தேசிங்கு என்று அளந்துகொண்டே இருந்தார். தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்தவர். சிவாஜி இதே கோட்டையைப் பிடித்தது 1677இல்! சொன்னால், "அது வேற கதை சார்" என்கிறார்.

ராஜகிரி அடிவாரத்துக்கு வரும்போது மணி மூன்று தாண்டிவிட்டது. மூன்று மணிக்கு மேல் ஏறக்கூடாது என்று காவலர் தடுத்தார். கிட்டத்தட்ட 800 அடி, ஏறி இறங்க நேரம் வேண்டும், அவர் மேல் தப்பில்லை. சரி, நம் ஆளைக் கேட்கலாம் என்று திரும்பினால், போனைக் காதில் வைத்தபடி போனவர் போனவர்தான். கைடு கட்டாயமா என்று காவலரிடம் கேட்டேன். "யார் சொன்னது?" என்று சிரித்தார். அதற்குள் பெண் டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்து, "அப்பா, 25 ரூபாதான் போட்டிருக்கு, அதுவும் மூணு டிக்கெட்தான் இருக்கு" என்றாள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசமாம். ஆக, 75 ரூபாய்க்கு 250.

டிக்கெட்டை நீங்களே கவுன்டரில் வாங்குங்கள். கைடு வேண்டுமானால் அங்கேயே விசாரித்து, அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். காலையிலேயே போய் முதலில் ராஜகிரி ஏறிவிடுங்கள். கல்யாண மகாலை இறங்கி வந்து பார்த்துக்கொள்ளலாம். பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், எங்கள் பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு கொண்டுபோய்விட்டது. அதுவாவது முகத்துக்கு நேராகப் பிடுங்கியது.