ஜிம்பாப்வேயின் 100 டிரில்லியன் டாலர் நோட்டு: வாங்கலாமா, எப்படிப் பார்த்து வாங்குவது?

1-க்குப் பின்னால் 14 சுழியங்கள். நம் கணக்கில் கோடி கோடி. புழக்கத்துக்கு வந்த காகிதப் பணத்தில் இதைவிட அதிகச் சுழியங்களைத் தாங்கிய நோட்டு வேறில்லை. பரிசுப்பொருள் கடைகளில் இதைக் கேலிப்பொருளாக விற்கிறார்கள். அது தவறு. ஒரு நாட்டின் சேமிப்பு முழுவதும் கரைந்துபோனதற்கான சான்று இது.

முதலில் போலிகள். தங்கமுலாம் பூசிய பிளாஸ்டிக் தகடுகள் வெறும் அலங்காரப் பொருள். அசல் நோட்டு காகிதம். அளவு சுமார் 148 x 74 மி.மீ. வெளிச்சத்தில் பிடித்தால் ஜிம்பாப்வே பறவையின் நீர்க்குறி தெரிய வேண்டும். முன்பக்கப் பறவைச் சின்னத்தின் நிறம் சாய்க்கும்போது மாறும். கலர் பிரிண்டில் அது மாறாது, அதனால் நேரில் பார்க்க முடியாவிட்டால் சாய்த்துப் பிடித்த வீடியோவைக் கேளுங்கள். ஆண்டு 2008 என்று அச்சாகியிருக்கும், ஆனால் வெளியானது 2009 ஜனவரியில். இதை வைத்துப் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சீரியல் எண் ஏஏ என்று தொடங்கும்; இசட்ஏ என்றால் அச்சில் பழுதானதற்குப் பதிலாக அடித்த மாற்று நோட்டு, விலை கூடுதல். பல நோட்டுகளுக்கு ஒரே எண் இருந்தால் விட்டு விலகுங்கள்.

மடிப்பு இல்லாத நோட்டையே வாங்குங்கள். லேமினேட் செய்தால் மதிப்பு போய்விடும். பிவிசி உறையும் வேண்டாம், நாளடைவில் அது எண்ணெய்ப்பசையாகக் கசிந்து காகிதத்தைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறை போதும்.

நோட்டில் அன்றைய அதிபர் ராபர்ட் முகாபேயின் முகம் இல்லை. முன்பக்கம் தலைநகர் ஹராரே அருகிலுள்ள எப்வொர்த்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பாறைகள், பின்பக்கம் விக்டோரியா அருவியும் காட்டெருமையும். கையெழுத்து ரிசர்வ் வங்கி ஆளுநர் கோனோவுடையது. ஆனாலும் இதைக் கையில் எடுப்பவர் நினைப்பது முகாபேயைத்தான். சிறுபான்மை வெள்ளையர் ஆட்சியில் பத்தாண்டுக்கு மேல் சிறையிலிருந்தவர். 1980-இல் விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமர். கிராமங்கள்வரை பள்ளிகளைக் கொண்டுபோனவர். 1983 முதல் நாட்டின் மேற்கிலுள்ள மட்டபெலெலாந்தில் ராணுவத்தின் ஐந்தாம் படைப்பிரிவு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதும் அவர் ஆட்சியில்தான். 2017-இல் ராணுவம் அவரைக் கீழிறக்கும்வரை பதவியை விடவில்லை.

மேற்கத்திய நாடுகளின் தடைகளால்தான் பணம் விழுந்தது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் சரிவு முன்பே தொடங்கிவிட்டது. 1997-இல் விடுதலைப் போரின் முன்னாள் போராளிகளுக்குத் தலைக்கு 50,000 ஜிம்பாப்வே டாலர் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. கஜானாவில் பணமில்லை, அந்த நவம்பரில் நாணயம் ஒரே நாளில் சரிந்தது. 1998-இல் காங்கோ போருக்குப் படை அனுப்பிய செலவு. 2000-இல் தொடங்கிய வெள்ளையர் பண்ணைகளின் நிலப்பறிப்பில் ஏற்றுமதிப் பயிர்கள் படுத்தன. நிலப்பங்கீடு நியாயமான கோரிக்கை. அதை நடத்திய விதம்தான் நாட்டை முடக்கியது. பிறகு அச்சகம் மட்டுமே ஓடியது. 2008 ஜூலையில் அரசே சொன்ன பணவீக்கம் 23 கோடி சதவீதத்துக்கு மேல்.

'கேட்டவுடன் தருவேன்' என்ற வாக்குறுதி நோட்டில் இருக்கிறது. 2015-இல் இந்த நோட்டுகளை ரத்து செய்தபோது, ரொக்கமாக வைத்திருந்தவர்களுக்கு 250 டிரில்லியனுக்கு 1 அமெரிக்க டாலர் தந்தார்கள். அதாவது இந்த நோட்டுக்கு 40 சென்ட். இன்று சேகரிப்பாளர்கள் தருவது அதைப்போலப் பல மடங்கு, ஆனால் அந்த லாபம் அங்கே ஓய்வூதியத்தை இழந்தவர்களுக்குப் போகவில்லை.

வாங்குவதானால் 1980-இன் ஒரு டாலர் நாணயத்தையும் சேர்த்து வாங்கி அருகருகே வையுங்கள். அந்த ஆண்டு அது அமெரிக்க டாலரைவிட மதிப்பு கூடியதாக இருந்தது.