ஸ்விஃப்டின் முன் சஸ்பென்ஷன்: 13,900 ரூபாய் கொடுத்தும் போகாத சத்தம்

என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டு வாங்கிய டீசல் ஸ்விஃப்ட். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில், திருச்சியிலிருந்து முசிறிக்கு நாள்தோறும் போய்வரும் வழியில், இடது முன்சக்கரத்தின் பக்கமிருந்து ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சிறு பள்ளங்களில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கி ஏறும்போது அது தெளிவாகக் கேட்டது. சாலையின் முழு அகலத்துக்கும் போட்டிருக்கும் வேகத்தடையில் இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறும்போது கேட்கவே இல்லை. இதை நான் பட்டறையில் தெளிவாகவே சொன்னேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை அந்த ஒரு வித்தியாசத்திலேயே இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புறநகரில் உள்ள அந்தப் பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இடது சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, டயரைப் பிடித்து இரண்டு முறை ஆட்டிவிட்டு, “ஷாக் ரெண்டும் போச்சு சார், லோயர் ஆர்ம் புஷ்ஷும் போச்சு” என்றார்கள். ஷாக் என்பது மேடுபள்ளத்தின் ஆட்டத்தை அடக்கும் பாகம். லோயர் ஆர்ம், சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை. புஷ், அந்தக் கையின் மூட்டிலுள்ள ரப்பர். ஷாக்கில் எண்ணெய் கசிந்த தடம் எதையும் நான் பார்க்கவில்லை, அவர்களும் காட்டவில்லை. முன் ஸ்ட்ரட் (ஷாக் என்று அவர்கள் சொன்னது இதைத்தான்) இரண்டுக்கு 6,800, மேல் மவுண்ட்டிங்குக்கு 1,900, லோயர் ஆர்ம் இரண்டுக்கு 3,200, கூலி 2,000 என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பில் வேண்டுமானால் ஜிஎஸ்டி தனியாகக் கூடும் என்றபோது வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அடுத்த வாரம் மதுரையில் ஒரு திருமணத்துக்குப் போக வேண்டியிருந்த அவசரம்.

மாலையில் வண்டியை எடுத்து முதல் பள்ளத்தில் இறக்கியதும் அதே ‘டொக்’. திரும்பிப் போய்க் கேட்டபோது, புதுச் சாமான் படிய வேண்டும், ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள் என்றார்கள். ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டினேன். சத்தம் போகவில்லை, அதோடு முன்பு இல்லாத இரண்டு கோளாறுகள் சேர்ந்துகொண்டன. பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு முன்பைவிட அதிகமாகக் கீழே குனிந்தது. நாற்கரச் சாலையில் எண்பதைத் தாண்டினால், ஒரு மேடு கடந்த பிறகும் முன்பக்கம் ஊஞ்சல்போல இன்னொரு முறை ஆடியது. முன் டயர்களின் உள்ளோரம் கையால் தடவினாலே தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

டயர் தேய்ந்ததால்தான், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனேன். அங்கே வண்டி நான்கு சக்கரங்களிலும் நின்றபடியே குழிக்கு மேல் நிற்கும். குழிக்குள் இறங்கிய இளைஞர், விரல் பருமனும் ஒரு முழத்துக்கும் குறைவான நீளமும் கொண்ட ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டினார். மூன்று வாரமாக என் காதில் விழுந்துகொண்டிருந்த அதே ‘டொக்’ அவர் கைக்குள்ளிருந்து வந்தது. அது லிங்க் ராடு. அதன் இரு முனைகளிலும் சிறிய பால் ஜாயிண்ட் உண்டு. இடது பக்கத்து ராடின் கீழ்முனையில் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து கருமணலாகி இருந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, இடது வலது சக்கரங்களுக்கு இடையே குறுக்காகப் போகும் ஸ்டெபிலைசர் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைப்பது இந்த ராடுதான். இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் முறுக்கிக்கொள்வதில்லை, ராடுக்கும் வேலையில்லை. ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போதுதான் இழுபடும். வேகத்தடையில் சத்தம் வராததற்குக் காரணம் அதுவே. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஸ்டெபிலைசர் முறுக்கேறி ராடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதால், தேய்ந்த ஜாயிண்ட்டும் ஆடாமல் நிற்கும். முதல் பட்டறையில் செய்த பரிசோதனை, இந்தக் கோளாறை மறைப்பதற்கென்றே செய்ததுபோல இருந்தது.

பிறகு அவர் என்னைக் குழிக்குள் இறங்கச் சொன்னார். ‘புது’ லோயர் ஆர்ம் பளபளவென்று கறுப்பாக இருந்தது. வண்டிச் சாவியால் ஒரு கீறு கீறியதும் பெயின்ட் உரிந்து, அடியில் காய்ந்த மண்ணும் துருவும் தெரிந்தன. இடது ஆர்மின் முன் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் கல்லில் இடித்து நானே உண்டாக்கிய தழும்பு அது. என் பழைய ஆர்முக்கே பெயின்ட் அடித்து, எனக்கே 3,200 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். வெடித்திருந்த புஷ்ஷின் மேலும் அதே பெயின்ட்.

ஸ்ட்ரட் மட்டும் உண்மையிலேயே புதிதுதான். ஆனால் அதன்மேல் ஒட்டியிருந்த பாக எண்ணைப் படமெடுத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காட்டியபோது, அது பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு உரியது என்றார்கள். டீசல் வண்டி பெட்ரோல் வண்டியைவிட ஏறத்தாழ நூறு கிலோ கூடுதல் எடை கொண்டது. அதில் பெரும்பகுதி முன்பக்கத்தில் எஞ்சின் இருக்கும் இடத்தில்தான் விழுகிறது. மாட்டுகிற துளைகள் பொருந்தி, கண்ணுக்கும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், எடை குறைந்த வண்டியின் அளவுக்குச் செய்த ஸ்ட்ரட் கனமான மூக்கை அடக்கிப் பிடிக்காது. பழைய ஸ்ட்ரட்கள் உண்மையில் கெட்டிருந்தனவா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அவற்றைக் கேட்டபோது, இரும்புக் கடைக்குப் போய்விட்டன என்ற பதில்தான் கிடைத்தது. புது ஸ்ட்ரட் மாட்டிய பிறகு அலைன்மென்ட் பார்க்கச் சொல்லவும் இல்லை. ஸ்ட்ரட்டைச் சக்கரத்தின் பக்கம் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளில் சிறு இடைவெளி இருந்தாலே சக்கரத்தின் சாய்மானம் மாறிவிடும் என்பதால், இதைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பிறகு வேலையை முழுவதும் வேறொரு பெரியவரிடம் கொடுத்தேன். லிங்க் ராடு இரண்டுக்கும் 1,240 ரூபாய், அதற்குக் கூலி 400. முதல் நாளே 1,640 ரூபாயில் போயிருக்க வேண்டிய சத்தம் அது. ஸ்ட்ரட், ஆர்ம் எல்லாவற்றுக்கும் மீண்டும் தனியாகச் செலவு. பெட்டியை என் கையில் கொடுத்து, எண்ணைப் படித்துப் பார்க்கச் சொன்ன பிறகே அவர் பிரித்தார். லோயர் ஆர்மின் போல்ட்டுகளை முதலில் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் நிறுத்திய பிறகே கடைசி முறுக்கைக் கொடுத்தார். “சக்கரம் தொங்கும்போதே முறுக்கிட்டா, தம்பி, வண்டி தரையில நிக்கிற நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கிட்டே இருக்கும், சீக்கிரம் கிழிஞ்சிடும்” என்றார். இந்த ஒரு பழக்கம் இருக்கிறதா என்று பார்த்தாலே மெக்கானிக்கின் தரம் பாதி தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஆகவே முன்சக்கரச் சத்தத்துக்காகப் பட்டறைக்குப் போகிறவர்கள், எந்தப் பாகம் போய்விட்டது என்று சொல்கிறார்களோ அந்தப் பாகம் ஆடுவதையோ கசிவதையோ கழற்றுவதற்கு முன்பே காட்டச் சொல்லுங்கள். வண்டி நான்கு சக்கரங்களில் நிற்கும்போது லிங்க் ராடை ஒருமுறை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பாகத்தையும் புதியதன் பெட்டியையும் டிக்கியில் போட்டுவிடச் சொல்லி முன்கூட்டியே பேசிவிடுங்கள். பில்லை மட்டும் என்னைப்போல விட்டுவிடாதீர்கள்.

பில் இல்லாததால்தான் என் வழக்கு இழுபறியில் இருக்கிறது. பட்டறைக்காரர் லோயர் ஆர்முக்கான 3,200 ரூபாயை, பெயின்ட் படத்தைக் காட்டியதும் மறுபேச்சின்றித் திருப்பிக் கொடுத்தார். ஸ்ட்ரட் விஷயத்தில் மட்டும் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சாதித்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தும் பயனில்லாமல், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். சேவைக்குப் பில் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறையாக 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் ‘வேண்டாம்’ என்றது நான்தானே என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்பதும் தெரியும். யுபிஐ ரசீதும், வாட்ஸ்அப்பில் வந்த அந்த வெள்ளைத் தாளின் படமும் என் பக்கம் இருக்கின்றன. கழற்றிய பெட்ரோல் ஸ்ட்ரட்கள் இரண்டும், எண் ஒட்டிய பக்கம் மேலே தெரியும்படி, மாடிப்படியின் அடியில் சாக்குப் பைக்குள் இருக்கின்றன.