குவாண்டத்துக்கு அடியில் பல்சக்கரமா? ’ட் ஹோஃப்ட் புத்தகத்தைப் படிக்கலாமா?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன்: இலவசம். ‘தி செல்லுலார் ஆட்டோமேட்டன் இன்டர்பிரட்டேஷன் ஆஃப் குவாண்டம் மெக்கானிக்ஸ்’ என்கிற இந்தப் புத்தகத்தை ஸ்பிரிங்கர் 2016ல் ஓப்பன் ஆக்சஸாகவே வெளியிட்டது. பிடிஎஃபை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், அச்சுப் பிரதி வேண்டுமென்றால்தான் காசு. எழுதியவர் ஹெரார்ட் ’ட் ஹோஃப்ட், நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்காரர், தன் ஆசிரியர் வெல்ட்மனோடு சேர்ந்து 1999ல் நோபல் வாங்கியவர். துகள் இயற்பியலின் அடிப்படைக் கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடலை வைத்து இன்று உருப்படியாகக் கணக்குப் போட முடிகிறது என்றால், அதற்கு இவர் ஆய்வு மாணவராக இருந்தபோது செய்த வேலை ஒரு முக்கியக் காரணம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், “குவாண்டமாவது ஒன்றாவது, அடியில் எல்லாம் கிளாசிக்கல்தான்” என்று, அதாவது எல்லாம் நியூட்டன் கால இயற்பியல் மாதிரி திட்டவட்டமாக ஓடுவதுதான் என்று சொல்கிறவர்கள் இணையத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு குவாண்டம் கணக்கு நடக்கும் களமான ஹில்பர்ட் வெளி என்றால் என்னவென்றே தெரியாது. இவர் அந்தக் கூட்டம் இல்லை.

சரி, என்ன சொல்கிறார்? சுமார் 10^-35 மீட்டர் அளவில், அதாவது பிளாங்க் அளவில், இயற்கை ஒரு பிரம்மாண்டமான ஆட்டோமேட்டன் என்கிறார். கட்டம் கட்டமாகப் பிரிந்த உலகம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு திட்டவட்டமான மதிப்பு, ஒவ்வொரு டிக்குக்கும் நிலையான விதிப்படி அது மாறும். தற்செயல் கிடையாது, ஒரே நேரத்தில் இரண்டு நிலையில் இருக்கும் வித்தையும் கிடையாது. நாம் அந்த அளவுக்குப் பல கோடிக் கோடி மடங்கு மேலே இருந்து பார்ப்பதால் எல்லாவற்றையும் பின்தொடர முடியவில்லை, அதற்காகக் கண்டுபிடித்த கணக்குமுறைதான் குவாண்டம் மெக்கானிக்ஸ். சூப்பர்பொசிஷன், அதாவது பல நிலைகளின் அந்தக் கலவை, பொருளில் இல்லை, நம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

கேட்க வாய்வீச்சு மாதிரி இருக்கும். ஆனால் இரண்டாவது அத்தியாயத்தில் வரும் பல்சக்கரத்தைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள், நான் இந்தப் புத்தகத்தில் மிகவும் ரசித்த இடம் அதுதான். மூன்று பல் உள்ள ஒரு சக்கரம். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு பல் நகரும்: 1 இருந்தால் 2, 2 இருந்தால் 3, 3 இருந்தால் மறுபடி 1. இதைவிடக் கிளாசிக்கலான ஒன்று உலகத்தில் இருக்க முடியாது. இப்போது இந்த நகர்வை ஒரு 3×3 மேட்ரிக்ஸாக எழுதினால் அதில் பூஜ்யமும் ஒன்றும் மட்டும்தான் இருக்கும், ஆனாலும் அது யூனிட்டரி, அதாவது மொத்த நிகழ்தகவை மாற்றாத மேட்ரிக்ஸ், குவாண்டம் கணக்கு கேட்பதும் அதைத்தான். அதன் ஐகன் மதிப்புகள் (சில தனி நிலைகளை மேட்ரிக்ஸ் வெறுமனே பெருக்கிவிடும் எண்கள்) ஒன்றின் கன மூலங்கள், அதாவது கோணமாகப் பார்த்தால் முழுச் சுற்றில் 0, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு. இவற்றை ஆற்றல் என்று வாசித்தால் சம இடைவெளியில் மூன்று ஆற்றல் மட்டங்கள் வந்து நிற்கும். ஒவ்வொரு மட்டத்தின் நிலையும் மூன்று பற்களின் சூப்பர்பொசிஷன்! சக்கரம் என்றைக்கும் இரண்டு பல்லில் ஒரே நேரத்தில் இருந்ததே இல்லை. பற்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் ஸ்பிரிங்கில் ஆடும் எடை மாதிரியான அலையியற்றியின் ஏணிப்படி ஆற்றல்கள் கிடைக்கும், எம்.எஸ்சி.யில் மாங்கு மாங்கென்று வருவித்த அதே ஏணி.

ஆக, சூப்பர்பொசிஷனும் சீரான ஆற்றல் மட்டங்களும் இருந்தாலே அடியில் கிளாசிக்கல் இருக்க முடியாது என்கிற வாதம் காலி. இது சின்ன விஷயமில்லை.

பிரச்சினை அடுத்த படியில். தனியாக நிற்கும் சக்கரம், ஒரே நேர்கோட்டில் ஓடும் அலைகள், ஒன்றோடொன்று மோதாத நிறையற்ற நியூட்ரினோக்கள் வரைக்கும் கணக்கு அழகாகப் போகிறது. சக்கரங்களை ஒன்றோடொன்று பேச விட்டதும் சிக்கல் ஆரம்பிக்கிறது. டிக் டிக்கென்று நகர்வதிலிருந்து ஹாமில்டோனியனை, அதாவது மொத்த ஆற்றலின் சூத்திரத்தை, எடுக்க லாகரிதம் எடுக்க வேண்டும், அதில் ஒரு முழுச் சுற்றைக் கூட்டினாலும் கழித்தாலும் விடை ஒன்றுதான் என்பதால் ஆற்றலின் மதிப்பு ஒரு இடத்தில் நிற்காது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் பங்குகளைக் கூட்டி மொத்த ஆற்றல் வருகிற மாதிரியும் வேண்டும், அதற்கு ஒரு அடிமட்டமும் வேண்டும், இரண்டும் சேர்ந்து கைக்கு வர மறுக்கிறது. நம்முடைய உலகத்தில் வெற்றிடம் என்று ஒன்று நிலையாக இருப்பதே அந்த அடிமட்டத்தால்தான், ஆகவே இது ஏதோ டெக்னிக்கல் சில்லறை இல்லை. ஆசிரியர் இதை மழுப்பவில்லை, தொடர் விரிவு ஒருங்கவில்லை, அதாவது கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு எண்ணில் போய் நிற்கவில்லை என்பதைத் தானே எழுதுகிறார். அந்த நேர்மைக்கு ஒரு ஸ்டார் சேர்த்தே கொடுத்தேன்.

அப்புறம் பெல். இந்த ஊருக்கு வருகிற எல்லோரும் இந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். 1964ல் ஜான் பெல் காட்டியதை, 1969ல் கிளவுசர் முதலானோர் சோதிக்கத் தோதாக மாற்றி எழுதிய வடிவத்தில் சொன்னால் இதுதான்: இரண்டு துகள்கள் பிரிந்து போகும்போதே எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று ஒரு பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், இரண்டு பக்கமும் அளக்கும் கருவியை வைக்கும் கோணங்களின் நான்கு ஜோடிகளுக்கான தொடர்புகளைக் கூட்டிக் கழித்து வரும் எண் 2ஐத் தாண்டாது. குவாண்டம் 2.83 வரை போகும். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 2015ல் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், பழைய சோதனைகளின் பெரிய ஓட்டைகளை அடைத்து 245 முறை அளந்து 2.42 என்று காட்டினார்கள். அஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் 2022 நோபல் கிடைத்தது இந்த வழியில் செய்த வேலைகளுக்காக. பட்டியல் கோட்பாடு செத்துவிட்டது என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள்.

ஹோஃப்ட் சொல்வது: பெல்லின் கணக்கில், அளப்பவர் தேர்ந்தெடுக்கும் கோணத்துக்கும் துகளின் மறைந்த நிலைக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒரு அனுமானம் இருக்கிறது, அதைத்தான் நான் ஏற்கவில்லை. எல்லாமே விதிப்படி ஓடும் உலகத்தில் அளப்பவர் மட்டும் விதிக்கு வெளியே நின்று “இந்தக் கோணத்துக்குப் பதில் அந்தக் கோணத்தை வைத்திருந்தால்?” என்று கேட்க முடியாது, அப்படிக் கேட்டால் பிரபஞ்சத்தின் பழைய நிலையையே மாற்றி எழுத வேண்டிவரும். சூப்பர்டிடர்மினிசம் என்பார்கள். இதற்கு அவர் எலிப் புழுக்கையை எண்ணிக் கோணத்தைத் தேர்ந்தெடுக்கும் உதாரணம் ஒன்றை வைத்து, தேவையான தொடர்பு எப்படி இருக்க வேண்டும் என்று சூத்திரமே எழுதிவிடுகிறார். (நோபல்காரர் எலிப் புழுக்கைக்கு ஒரு சார்பு எழுதியிருக்கிறார் என்பதற்காகவாவது அந்தப் பகுதியைப் படிக்கலாம்.) வேடிக்கை என்னவென்றால், அந்தச் சூத்திரத்தில் இரண்டு கோணங்கள், ஒரு மறைந்த மாறி ஆகிய மூன்றில் எந்த ஒன்றைச் சராசரி எடுத்து நீக்கினாலும் மீதி இரண்டுக்கும் இடையில் தொடர்பே தெரியாது. மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் தெரியும். யாருடைய கோணத்தையும் துகள் தனியாக ‘முன்கூட்டியே தெரிந்து’ வைத்திருப்பதாகத் தோன்றாத அளவுக்குச் சாமர்த்தியமான தொடர்பு.

சாமர்த்தியம்தான், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2018ல் கானரி தீவுகளிலிருந்து செய்த சோதனையில் கோணங்களைத் தேர்ந்தெடுத்தது குவேசார்கள் என்கிற வெகுதூர விண்மீன் மண்டல மையங்களின் ஒளி, அதில் ஒன்று 780 கோடி வருஷத்துக்கு முன்னால் கிளம்பியது. அப்போதும் பெல் வரம்பு மீறப்பட்டது. அப்படியென்றால் அந்தக் குவேசார்களும் இங்கே லேப்பில் பிறக்கப் போகும் ஃபோட்டான்களும் அத்தனை காலத்துக்கு முன்பே ஒத்துப்போயிருக்க வேண்டும், அதுவும் சரியாகக் குவாண்டம் சொல்லும் அளவுக்கு, 2.83க்கு ஒரு சொட்டு கூட மேலே போகாமல். தர்க்கப்படி முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த விதி இப்படி ஒத்துப்போக வைக்கிறது என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. ‘தொடர்பு இருக்கலாம்’ என்பதற்குச் சூத்திரம் கொடுத்திருக்கிறாரே ஒழிய, அந்தச் சூத்திரத்தைத் தானாகவே பிறப்பிக்கும் ஆட்டோமேட்டனைக் கொடுக்கவில்லை. மருந்துச் சோதனையில் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று குலுக்கிப் போடுகிறோமே, குலுக்கலும் நோயும் ரகசியமாகக் கைகோத்திருக்கலாம் என்றால் அந்தச் சோதனையை எப்படி நம்புவது? குவாண்டத்தில் மட்டும் அப்படி நடக்கும், மருந்தில் நடக்காது என்பதற்குக் காரணம் இதில் எனக்குக் கிடைக்கவில்லை.

டேவிட் போம் என்கிற இயற்பியலாளர் 1952ல் வேறு வழியில் போனார்: இங்கே தொட்டால் அங்கே உடனே பாதிக்கும் என்று வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார். அதுவும் கசப்பு மருந்துதான், ஆனால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பாட்டிலில் இருக்கிறது.

யாருக்குப் புத்தகம்? இரண்டு பாகம். முதல் பாகம் கருத்து வாதம், குவாண்டம் மெக்கானிக்ஸ் ஒரு செமஸ்டர் படித்தவர்கள் தைரியமாக இறங்கலாம், ஐந்துக்கு நாலு. இரண்டாம் பாகம் கணக்கு நுட்பங்கள், ஃபெர்மியான்கள், ஸ்ட்ரிங் என்று போகிறது. அங்கே சொன்னதையே திரும்பச் சொல்வதும், பாதியில் விட்டுவிட்டு அடுத்த மாடலுக்குத் தாவுவதும் அதிகம், ஒரு கண்டிப்பான எடிட்டர் இருந்திருந்தால் அறுபது பக்கம் மிச்சமாகியிருக்கும். இரண்டரை. ஃபோனில் படிக்காதீர்கள், சமன்பாடுகள் எறும்பு மாதிரி இருக்கும். கணக்கே ஆகாது என்பவர்கள் வேறு புத்தகம் தேடுவது நல்லது.

தவறவிடக் கூடாத இடம் இன்னொன்று இருக்கிறது, குவாண்டம் கம்ப்யூட்டர் பற்றிய பகுதி. ஒவ்வொரு பிளாங்க் கன அளவிலும் ஒரு மெமரி செல் வைத்து, பிளாங்க் வேகத்தில் ஓடும் சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறார். குவாண்டம் கம்ப்யூட்டர் அதை ஒருநாளும் மிஞ்சாது, பத்து லட்சக் கணக்கான இலக்கங்கள் உள்ள எண்ணைப் பகாக் காரணிகளாக உடைக்காது என்கிறார், மிஞ்சிவிட்டால் தன் கோட்பாடு பொய் என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். இன்று இன்ஜினியர்கள் உடைக்க ஆசைப்படுவது இணைய ரகசியப் பூட்டான ஆர்எஸ்ஏ 2048ஐ, அது வெறும் 617 இலக்கம், அதற்கே இன்னும் பிழை திருத்தும் க்யூபிட்கள் (குவாண்டம் பிட்கள்) போதவில்லை.