சுவர் அருமை, மூடிதான் தலைவலி: வனேடியம் சாம்பிள் கேன் மதிப்புரை

நியூட்ரான் சிதறலில், அதாவது பொருள் மீது நியூட்ரான் கற்றையைப் பாய்ச்சி அதன் உள்கட்டமைப்பைப் படிப்பதில், வேலை செய்பவர்கள் கோடிக்கணக்கில் செலவான கருவிகளைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கருவியின் நடுவில் சாம்பிளைத் தாங்கி நிற்கிற சுண்டுவிரல் அளவு டப்பாவைப் பற்றிப் பேசுபவர் குறைவு. எடுத்த தரவு தேறுமா தேறாதா என்பதைப் பாதி நேரம் அந்த டப்பாதான் முடிவு செய்கிறது. பவுடரில் பட்ட கற்றை எந்தக் கோணங்களில் கூர்முனைகளாக, அதாவது பீக்குகளாக, சிதறுகிறது என்று பார்த்துக் கட்டமைப்பைக் கண்டறியும் முறை உண்டு. இங்கே பார்ப்பது அந்தப் பவுடர் டிஃப்ராக்‌ஷனுக்கான வனேடியம் கேன்: உள்விட்டம் 6 மி.மீ. ஒன்று, 9 மி.மீ. ஒன்று. சுவர் 0.15 மி.மீ. வனேடியம் விளிம்பு, அலுமினிய மூடி, ஆறு பித்தளைத் திருகாணிகள், மூடி கசியாமல் அடைக்கிற இண்டியம் என்ற மெத்தான உலோகக் கம்பியை வைக்க ஒரு பள்ளம். செய்தது ஐரோப்பாவில் ஒரு சிறிய பட்டறை, பெயர் வேண்டாம்.

சிங்கப்பூரில் இந்த வேலைக்கு நியூட்ரான் கற்றை தருகிற வசதி கிடையாது. தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிற சின்க்ரோட்ரான் (எலக்ட்ரான் முடுக்கி) தருவது எக்ஸ்-கதிர். நியூட்ரான் வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும். எட்டு மணி நேரத்தில் சிட்னி, அங்கிருந்து லூகாஸ் ஹைட்ஸில் உள்ள 20 மெகாவாட் ஓபல் ஆராய்ச்சி அணு உலை. எக்கிட்னா, வாம்பட் என்று விலங்குப் பெயர் வைத்த கருவிகள் அங்கே இருக்கின்றன. கேன் அங்கேயே கிடைக்குமே, சொந்தமாக எதற்கு என்று கேட்கலாம். காற்றுப் படக்கூடாத பேட்டரிப் பவுடர் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது. இங்கே க்ளவ் பாக்ஸுக்குள் (கையுறை பொருத்திய, காற்று புகாத பெட்டி) நிரப்பி, மூடி, சீல் வைத்தே கொண்டுபோகலாம். நம் ஊர் ஈரத்தில் நீர் உறிஞ்சும் பவுடரைத் திறந்து வைத்தால் நீரோடு ஹைட்ரஜன் ஏறிவிடும். ஹைட்ரஜனின் இன்கோஹெரண்ட் சிதறல், அதாவது பீக் தராமல் எல்லாத் திசையிலும் பரவுகிற சிதறல், 80 பார்ன் (ஓர் அணு நியூட்ரானை எவ்வளவு சிதறடிக்கும் அல்லது உறிஞ்சும் என்பதற்கான அலகு). அது ஏறினால் பின்னணி மேலே போகும், சின்ன பீக்குகள் அதில் முங்கிவிடும்.

வனேடியம்தான் ஏன்? நியூட்ரானைத் தடையில்லாமல் விடுகிற உலோகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1.8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இரண்டு சுவரையும் கடக்கும்போது பீமில் (கற்றையில்) சுமார் 2 சதவீதம் போகிறது. அதே தடிமன் அலுமினியத்தில் இழப்பு இன்னும் குறைவு. வனேடியத்தின் பெருமை வேறு. பீக் தருகிற கோஹெரண்ட் சிதறல் அதற்கு வெறும் 0.018 பார்ன், இன்கோஹெரண்ட் 5.08 பார்ன். அதாவது சிதறுகிற கொஞ்சமும் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும், சொந்தமாகப் பீக் எதுவும் கண்ணில் படுகிற அளவுக்குக் காட்டாது. அலுமினியக் கேனில் அலுமினியத்தின் பீக்குகள் உங்கள் பீக்குகளுக்கு நடுவே வந்து உட்காரும். ரீட்வெல்ட் முறையில், அதாவது கணக்கிட்ட பீக் வரைபடத்தை அளந்ததோடு பொருத்தி, கட்டமைப்பைச் சரிபார்ப்பவருக்கு ஒரே மாதிரியான பின்னணி பரவாயில்லை, இடையில் வந்து நிற்கிற பீக்தான் வினை.

இந்த விஷயத்தில் இந்தப் பட்டறை வேலையைக் குறை சொல்ல முடியாது. தகட்டை உருட்டிப் பற்றவைத்த தையல் கோடு விரல் நகத்தில் தட்டுப்படவில்லை. குழாய் உருண்டையாகவே இருக்கிறது. மேசையில் உருட்டிப் பாருங்கள்; தள்ளாடினால் வாங்காதீர்கள். கேன் அரை மி.மீ. நடுவிலிருந்து விலகினாலே பீக்குகள் இடம் மாறும்.

எந்த அளவு? பீம் உயரம் 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 6 மி.மீ. கேனில் 1.1 க.செ.மீ., 9 மி.மீ. கேனில் 2.5 க.செ.மீ. பவுடர் போகும். அடர்த்தி 5 உள்ள ஆக்சைடு, தட்டித் தட்டி நிரப்பினால் பாதிக்குச் சற்று மேல்தான் அடையும். ஆக 3 கிராம், 7 கிராம். லித்தியம் சேர்மங்களுக்கு 6 மி.மீ. போதும். இயற்கை லித்தியம் 70 பார்ன் உறிஞ்சும், பெரிய கேனின் நடுவில் உள்ள பவுடர் பீமையே பார்க்காது. 9 மி.மீ. கேனைப் பெருமைக்கு வாங்காதீர்கள்.

இனி மூடிக்கு வருவோம். சுவரைச் செய்தவர் வேறு, மூடியை வரைந்தவர் வேறு என்று தோன்றுகிறது.

குறை ஒன்று: திருகாணி மறையை (திருகு வரிகளை) வனேடியம் விளிம்பிலேயே வெட்டியிருக்கிறார்கள். எம் 2.5 அளவு, விளிம்பு 3 மி.மீ. தடிமன், உலோகமோ மெத்து. பத்துப் பன்னிரண்டு தடவை திறந்து மூடினால் மறை வழுக்கும். துளை மட்டும் போட்டு, அடியில் நட்டு கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

குறை இரண்டு இன்னும் மோசம். மூடியைக் கிளப்ப வழியில்லை. இண்டியம் நசுங்கி இரண்டு பக்கமும் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். நல்ல வடிவமைப்பில் மூடியில் மறை போட்ட இரண்டு துளைகள் தனியாக இருக்கும். அதில் திருகாணியை இறக்கினால் மூடி தானாக மேலே வரும். இதில் அது இல்லை. ஆகவே எல்லோரும் செய்வது, தட்டை ஸ்குரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்புவது. நெம்பும்போது மறு கை கேனைப் பிடித்திருக்கும். 0.15 மி.மீ. சுவர், விரல் அழுத்தத்தில் ஒரு குழி. அதோடு அந்தக் கேன் பேனா ஸ்டாண்டுக்குப் போக வேண்டியதுதான். இப்போதைக்கு வழி: கேனைக் குழாயில் பிடிக்காமல் விளிம்பில் மட்டும் பிடிக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் கட்டையைக் குடைந்து வைத்துக்கொள்ளுங்கள். மூடியைச் சூடாக்கி இளக்கலாமே என்றால், இண்டியம் உருகுவது 156.6 டிகிரியில், சாம்பிள் தாங்குமா என்று பாருங்கள்.

சீல் வைக்கும் முறை: 1 மி.மீ. இண்டியம் கம்பியைப் பள்ளத்தில் சுற்றி, முனைகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்படி விடுங்கள். வெட்டி ஒட்டவைக்க முயல வேண்டாம். எதிர் எதிராக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒரு சுற்று. இண்டியம் மெதுவாக வழிந்து இடம் கொடுக்கும், முதல் முறுக்கு பத்தாது. அதன் பிறகு ஹீலியம் கசிவுமானியில் பாருங்கள்.

பித்தளைத் திருகாணி ஒரு வகையில் சரி: 4 கெல்வினுக்கு இறங்கும்போது அலுமினியம் 0.41 சதவீதம் சுருங்கும், பித்தளை 0.38. ஆனால் பித்தளையில் உள்ள செம்பு பீமில் பட்டால் கதிரியக்கமுள்ள செம்பு-64 ஆகிறது, அரை ஆயுள் 12.7 மணி நேரம். வனேடியத்துக்கு அது 3.7 நிமிடம்தான், டீ குடித்து வருவதற்குள் அடங்கிவிடும். திருகாணிதான் உங்கள் சாம்பிளை மறுநாள் வரை அங்கே சிறை வைக்கும். பீம் விளிம்புக்குக் கீழே நிற்கும்படி ஸ்லிட்டை (கற்றையின் அளவைக் குறுக்குகிற இடுக்கை) சரிசெய்யுங்கள், அல்லது துருப்பிடிக்காத எஃகுக்கு மாறுங்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் தேடினால் கிடைக்கும். 4 மி.மீ. மூடிக்குச் சுருக்க வித்தியாசம் சில மைக்ரான், ஸ்பிரிங் வாஷர் போட்டால் சமாளிக்கும்.

குளிர்நிலை அளவீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வாயு. நம் பேட்டரி ஆய்வகங்களின் க்ளவ் பாக்ஸ் பெரும்பாலும் ஆர்கான். அதற்குள் மூடினால் 84 கெல்வினில் ஆர்கான் உறைந்துவிடும். வெப்பம் கடத்த வாயு இல்லை, கூடவே உறைந்த ஆர்கானின் பீக்குகளும் வரும். வனேடியம் வேறு 5.4 கெல்வினுக்குக் கீழே சூப்பர் கண்டக்டர். வெப்பம் கடத்துவதில் மட்டம். தெர்மாமீட்டர் 2 கெல்வின் காட்டும், நடுவில் உள்ள பவுடர் அதைவிடச் சூடாக இருக்கும். மேக்னெட்டிக் பீக் (குளிரில் காந்த ஒழுங்கு வந்தால் தோன்றும் பீக்) வளரவில்லையே என்று இரண்டு நாள் தலையைச் சொறிவார்கள். ஹீலியத்தில்தான் மூட வேண்டும். காற்றுத் தாங்கும் பவுடருக்கு ஒரு க்ளவ் பேக்கை (கையுறை வைத்த பிளாஸ்டிக் பையை) ஹீலியத்தால் நாலைந்து தடவை ஊதி வெளியேற்றினால் போதும்.

சூடான அளவீட்டுக்கு இந்தக் கேன் அரை மனதோடுதான். வெற்றிட உலையில் ஓடும், இண்டியம் இல்லாமல். காற்று கசிந்தால் வனேடியம் பென்டாக்சைடாகி 690 டிகிரியில் உருகி வழியும். நச்சுப் பொருள் அது. சில ஆக்சைடு சாம்பிள்களிலிருந்து ஆக்ஸிஜனை வனேடியமே உருவிக்கொள்ளும். ஹைட்ரஜன் வாயு ஓட்டாதீர்கள், உலோகம் அதைக் குடித்து நொறுங்கும்.

கழுவ ஐசோபுரோபனால் போதும். நைட்ரிக் அமிலத்தில் போட்டால் சாம்பிளோடு கேனும் கரையும். எடுத்துப்போக 50 மி.லி. சென்ட்ரிஃபியூஜ் குழாயில் ஸ்பாஞ்சு வைத்துச் செருகுங்கள்.

விலை சில நூறு சிங்கப்பூர் வெள்ளி, மேலே கூரியர் கட்டணம், 9 சதவீதப் பொருள் சேவை வரி. 6 மி.மீ. இரண்டு வாங்கலாம், ஆனால் ஆர்டர் போடும் முன் வரைபடத்தை அனுப்பச் சொல்லுங்கள். விளிம்பில் மறை வேண்டாம், துளை போதும் என்று எழுதுங்கள். மூடியில் எதிரெதிரே இரண்டு எம் 2.5 மறைத்துளை கூடுதலாகக் கேளுங்கள். மறுத்தால் மூடியில்லாமல் கேனை மட்டும் வாங்கி, மூடியை இங்கே பல்கலைக்கழகப் பட்டறையில் கடைந்துகொள்ளுங்கள்.