மார்க்கன்தேர் பறவைப் பூங்கா: பருவந்தோறும் செல்லத்தக்க இடம்

வடபிரான்சில் சோம் விரிகுடாவை ஒட்டி 1973-இல் திறக்கப்பட்ட மார்க்கன்தேர் பூங்கா, சுமார் 200 ஹெக்டேரில் சதுப்பும் மணல்மேடும் பைன் மரங்களும் கொண்டது. இளவேனிலில் செங்கால் நாரைகளும் கரண்டிவாயன்களும் பைன் உச்சிகளில் அருகருகே கூடு கட்டுவதையும், கூட்டுக்குத் திரும்பும் இணையை நாரை தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அலகைப் படபடவெனத் தட்டி வரவேற்பதையும் கண்குளிரக் காணலாம். எனக்கு மிகவும் பிடித்த பருவம் இதுவே. இலையுதிர் காலத்தில் செல்வோர் கடல்நீர் ஏறி இறங்கும் ஓத நேரத்தைப் பார்த்துக்கொண்டு புறப்பட வேண்டும். விரிகுடாவில் நீர் ஏற ஏற, அங்கே இரை தேடிக்கொண்டிருந்த உள்ளான்கள் கூட்டங்கூட்டமாகப் பூங்காவின் குளங்களில் வந்திறங்கும். குளிர்காலத்தில் ஊசிவால் வாத்துகள் உண்டு, கடற்காற்றும் உண்டு. பார்வைக் குடில்களில் உள்ள வழிகாட்டிகள் தொலைநோக்கியைப் பறவையின் மீது நிலைநிறுத்தித் தந்து, பொறுமையாக விளக்குகிறார்கள். அதற்காகவே நுழைவுக் கட்டணம் தகும். சிறுவர்களுடன் செல்வோர் குறுகிய பாதையைத் தேர்ந்தெடுக்கலாம்.